நிழற்படங்களிற் காணும் பழஞ்சென்னை



ஒரு பொருளின் உண்மையைத் துணிதற்குக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்று அளவைகளையும் சைவ நூலார் தலைமையாகக் கொள்வர். பழைய நிழற்படம் ஒன்றைக் கையில் எடுப்பார்க்கும் இம்மூன்றும் வேண்டப்படும். படம் காட்டுவது காட்சி. காட்டாது விட்டதை உய்த்துணர்வது கருதல். அதன் பின்புறத்தே அறிந்தார் ஒருவர் எழுதிவைத்த குறிப்பு உரை. குறிப்பில்லாத படம் ஊமை கண்ட கனவேயாம். சென்னைக் கடற்கரையின் பழம்படங்களைக் கொண்டு இதனைச் சிறிது காண்போம்.

இக்கலை சென்னையில் விரைவாகவே வேரூன்றிற்று. 1850களின் தொடக்கத்தில் பிரெடரிக் பீபிக் என்பார் இந்நகரைப் படம் பிடித்துக் கையால் வண்ணமும் தீட்டினார். 1856இல் இங்கே புகைப்படச் சங்கம் தோன்றியது. அவ்வாண்டே அரசாங்கப் படப்பிடிப்பாளராக அமர்த்தப்பெற்ற லின்னேயஸ் டிரைப், 1858இல் தஞ்சைப் பெருவுடையார் கோயில் விமானத்து அடித்தளக் கல்வெட்டைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை இணைத்து ஒரே நீள்படமாக்கினார். செலவு மிகுதி என்று கருதிய அரசாங்கம் சில ஆண்டுகளிலேயே அப்பணியை நிறுத்திவிட்டது. கணக்குப் பார்ப்பார்க்குக் கல்வெட்டு எங்ஙனம் தெரியும்!

அக்காலத்துச் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். மக்களும் சரக்கும் மசூலாப் படகேறி அலைகடந்து கரைசேர வேண்டும். அப்படகின் பலகைகளை ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைத்திருப்பர். ஆணி அறைந்த படகு அலையின் மோதலிற் பிளந்துபோம். தைத்த படகோ வளைந்துகொடுத்துத் தப்பும். விலைக்கு விற்ற படங்களிலும் அஞ்சலட்டைகளிலும் இப்படகு பலகாலும் இடம்பெற்றது. படமெடுத்த நிலையத்தின் பெயர் அடியில் இருக்கும். துடுப்பு வலித்தார் பெயரோ காண்டற்கு அரிது. நகரத்தின் வாணிகத்தையெல்லாம் தோளிற் சுமந்தவர் அவரே அல்லரோ?

1875இல் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1881 நவம்பர்ப் புயல் அதனைச் சிதைக்க, மீண்டும் கட்டினர். இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலை வடக்கு நோக்கித் தள்ளுவன. துறைமுகச் சுவர் குறுக்கே நின்றமையால் தெற்கே மணல் தேங்கி மெரினா அகன்றது. வடக்கே இராயபுரப் பக்கத்தைக் கடல் அரித்துண்டது. ஆதலின், பழம்படங்களிற் சாலைக்கு அணித்தே கடல் தோன்றுவது கண்டு ஐயுறல் வேண்டா. அன்று கடல் அங்கேதான் இருந்தது. ஒரு பாலார் மாலையில் உலாவ மணல் பெற்றனர். மற்றொரு பாலாராகிய பரதவர் குடியிருந்த நிலத்தை இழந்தனர். உலாவும் மணலைப் பலரும் விரும்பிப் படம் எடுத்தனர்; இழந்த நிலத்தை நாடிச் சென்றவர் சிலரே.

இனித் திருமயிலைக்கு வருவோம். கபாலீச்சரத்தின் கீழைக்கோபுரம், ஏறத்தாழ 120 அடி உயரமுடையது, 1906இல் எழுந்தது. குளம் கோயிலின் மேற்கே உள்ளது. குளத்தின் மேலைக்கரையினின்று கோயிலை நோக்கி எடுத்த படத்திற் பின்னே அக்கோபுரம் தோன்றவில்லையாயின், அது 1906க்கு முற்பட்டது என்று துணியலாம். கோபுரம் தொன்றுதொட்டு நிற்பது என்று எண்ணியிருந்த அன்பர்க்கு இது வருத்தந் தரலாம். வருந்தற்க. ஞானசம்பந்தர் பாடிய தலத்தின் தொன்மை கோபுரத்தின் வயதைச் சார்ந்ததன்று. பழைய கோயில் கடலோரத்தே இருந்து போர்த்துக்கேசியர் காலத்தில் அழிந்தது என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொள்கை. அருகிலுள்ள சாந்தோம் தேவாலயமும் இன்றைய வடிவைப் பெற்றது 1896இலேதான்; அதற்கு முற்பட்ட படங்களில் வேறொரு கட்டடமே நிற்கும்.

கோபுரத்துச் சுதையுருவங்கள் திருப்பணிதோறும் பழுதுபார்க்கப்பெற்றுப் புதுவண்ணம் பூணுவன. முன்னைய வடிவம் இன்னதென அறியப் புகும் ஸ்தபதிக்குப் பழம்படம் போலத் துணை பிறிதில்லை. அத்தகைய படங்கள் எத்தனை வீடுகளின் மரப்பெட்டிகளிற் கரையானுக்கு இரையாகின்றன! மையால் எழுதினால் முன்பக்கம் ஊறும். மெல்லிய பென்சிலாற் பின்புறத்தே ஆண்டும் இடமும் நிற்பார் பெயரும் குறித்தல் நன்று. அறங்காவலர் பெயர் போதாது. சங்கு ஊதுவார், திருத்தேர்க்கு முட்டுக்கட்டை இடுவார் பெயரும் வேண்டும். அவர்களை முகம் பார்த்து இன்னார் எனச் சொல்லவல்ல முதியோர் இன்னும் சிலர் உளர்.