வேறு விதமாகவும் படிப்பிக்கலாம்



சென்ற மாதம் கோயிலிலே அன்னதான வரிசையில் நின்றபோது, ஒரு தங்கச்சி மெல்லிய குரலிலே என்னிடம் கேட்டா. "அக்கா, நீங்கள் மகனை வீட்டிலை வைச்சுப் படிப்பிக்கிறீங்களாம். எனக்கும் விருப்பம்தான். ஆனால் என்ரை இங்கிலிசு காணாது. ஏ.எல். கூட முடிக்கேல்லை. கவுன்சில்காரர் பிள்ளையைக் கொண்டு போயிடுவினமோ எண்டு பயமாக் கிடக்கு."

வரிசையில் நின்றுகொண்டு சொல்லக்கூடிய பதில் அல்ல அது. அதனால் இன்றைய உரையிலே சொல்கிறேன்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், ஏழாம் பிரிவு. பிள்ளையின் வயதுக்கும் திறமைக்கும் தேவைக்கும் ஏற்ற முழுநேரக் கல்வி கிடைக்கச் செய்வது பெற்றோரின் கடமை. அது பாடசாலை மூலமாகவோ "வேறு விதமாகவோ" இருக்கலாம் என்று அது சொல்கிறது. 1944ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இந்த "வேறு விதம்" இருந்தது. பெற்றோர் ஆசிரியராக இருக்க வேண்டும் என்றோ, பட்டம் வேண்டும் என்றோ, பாடசாலை நேரசூசியையும் தேசிய பாடத்திட்டத்தையும் அப்படியே பின்பற்ற வேண்டும் என்றோ அதில் இல்லை.

எங்கள் மகன் ஒன்பது வயதிலே பாடசாலையில் பேசுவதை நிறுத்திவிட்டான். மற்றப் பிள்ளைகளின் கேலி ஒரு காரணம். காலையில் வயிற்றுக்குத்து என்பான். ஞாயிறு பின்னேரமே முகம் வாடிவிடும். பல தடவை போய்க் கதைத்தும் மாற்றமில்லை. அதன் பிறகுதான் அதிபருக்குக் கடிதம் எழிதிக் கொடுத்து, பெயரை எடுப்பித்தோம்.

சில வாரங்களில் கவுன்சிலிலிருந்து ஒரு மண்ணிறக் கடித உறை வந்தது. அகதியாக வந்த எங்களுக்கு அந்த உறையைக் கண்டாலே கை நடுங்கும். ஒரு காலம் எங்கள் தலைவிதி முழுக்க அதற்குள்தானே வந்தது! இரண்டு நாள் உடைக்காமல் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்திருந்தேன். உடைத்துப் பார்த்தால், பிள்ளை எப்படிப் படிக்கிறான் என்று எழுதி அனுப்பும்படி கேட்டிருந்தார்கள், அவ்வளவுதான். என்ன வாசிக்கிறான், கணக்கிலே எங்கே நிற்கிறான், எங்கெல்லாம் போகிறோம் என்று இரண்டு பக்கத்தில் எழுதி, அவனுடைய வேலையில் சில தாள்களையும் சேர்த்து அனுப்பினோம். ஏற்றுக்கொண்டார்கள்.

ஆகவே தங்கச்சி, கடிதத்துக்குப் பயந்து பதில் போடாமல் இருக்காதீர்கள். பதில் இல்லாவிட்டால்தான் பிள்ளைக்குக் கல்வி இல்லை என்று அவர்கள் நினைக்க இடமுண்டு; அது பாடசாலைக்கு அனுப்பும்படி கட்டளை பிறப்பிக்கும் வரையும் போகலாம்.

அடுத்தது ஆங்கிலம். நான் செய்தது இதுதான். மகன் ஆங்கிலத்தில் ஒரு பந்தி வாசிப்பான். பிறகு அதை எனக்குத் தமிழிலே விளங்கப்படுத்த வேண்டும். விளங்காமல் ஒருவன் இன்னொருவருக்கு விளங்கப்படுத்த முடியாது. அவனுக்கு இரண்டு மொழியும் வளர்ந்தன. எனக்கும் ஆங்கிலம் கொஞ்சம் வந்தது. பின்னத்தை அரிசிச் சுண்டு வைத்துப் படித்தோம். எனக்குத் தெரியாததைக் கேட்டால், "தெரியாது, வா தேடுவோம்" என்று நூலகத்துக்குப் போவோம்.

லண்டன் இதற்கு நல்ல ஊர். பெரிய நூதனசாலைகளைப் பார்க்கக் காசில்லை. பதினொரு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு பஸ்ஸிலும் காசில்லை. பிரித்தானிய நூதனசாலையிலே, திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கண்டெடுத்த தாரா சிலை நிற்கிறது. "இது ஏன் இஞ்சை நிக்குது?" என்று மகன் கேட்டான். அந்த ஒரு கேள்வியோடு இரண்டு கிழமை சரித்திரம் படித்தோம்.

சிரமங்களையும் மறைக்கக் கூடாது. வீட்டிலே ஒருவர் வேலையைக் குறைக்க வேண்டி வரும். பிள்ளைக்குக் கூட்டாளிகள் தானாக வரமாட்டார்கள். நீச்சல், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம், மிருதங்கம் என்று நாங்கள்தான் கூட்டிக்கொண்டு திரிய வேண்டும். ஜி.சி.எஸ்.ஈ. பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றலாம். ஆனால் கட்டணம் எங்கள் கையிலிருந்து போகும், தோற்ற இடம் தரும் நிலையத்தையும் நேரத்தோடு தேட வேண்டும். 2013 முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளைச் சில கல்லூரிகள் நேரடியாகச் சேர்க்கின்றன, அதையும் விசாரியுங்கள்.

இன்னும் மூன்று விடயங்கள். எழுத்தில் அறிவிக்காமல் பிள்ளையை மறிக்காதீர்கள். அது வரவுக் குற்றமாகும். கடிதத்தின் பிரதியை வைத்திருங்கள். பிள்ளை சிறப்புப் பாடசாலையில் படித்தால் கவுன்சிலின் சம்மதம் முதலில் வேண்டும். வீட்டில் படிக்கும் பிள்ளைகளைப் பதிவேட்டில் சேர்க்கும் சட்டமூலம் ஒன்று 2024 டிசெம்பரில் பாராளுமன்றத்துக்கு வந்தது. ஆகவே முடிவெடுக்க முன் அன்றைய விதி என்ன என்று கேட்டு அறியுங்கள். மூன்றாவது, "நீங்களே வீட்டில் வைத்திருங்கள்" என்று பாடசாலை உங்களைத் தள்ளினால் ஒப்பமிடாதீர்கள். இது பெற்றோர் விரும்பி எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும்.

நேயர்களே, 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே எழும்பி நடந்தது. எனக்குப் பதினொரு வயது. மட்டுவிலில் ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் நான்கு குடும்பம் இருந்தோம். பள்ளிக்கூடங்களிலும் சனம் படுத்திருந்தது. எட்டாம் வகுப்போடு நின்ற என் அம்மா, எங்கள் ஆறு பிள்ளைகளை மாமர நிழலில் இருத்தி, மண்ணிலே விரலால் எழுதிக் கணக்குப் படிப்பித்தா. "எனக்குத் தகுதி இருக்கோ" என்று அவ ஒருவரிடமும் கேட்கவில்லை. நாங்கள் படிப்பை விட்டுவிடக் கூடாது என்பது மட்டும்தான் அவவுக்குத் தெரிந்திருந்தது.

மகனுக்கு இப்போது பதினான்கு வயது. கணக்கிலே கெட்டிக்காரன், எழுத்திலே இன்னும் சோம்பல். ஆனால் வாய் ஓயாமல் கதைக்கிறான். அந்தச் சத்தத்துக்காகத்தான் நாங்கள் இவ்வளவும் செய்தது.

எல்லாப் பிள்ளைக்கும் வீடுதான் நல்லது என்று நான் சொல்லவில்லை. நல்ல பாடசாலையில் சந்தோசமாகப் படிக்கும் பிள்ளை அங்கேயே படிக்கட்டும். ஆனால் உங்கள் பிள்ளைக்கு வேறு வழி தேவைப்பட்டு, "எனக்கு ஏலாது" என்ற ஒரே காரணத்துக்காக நீங்கள் தயங்கினால், அந்தத் தயக்கத்தை விடுங்கள். அன்னதான வரிசையில் கேட்ட தங்கச்சி, வாற வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வாருங்கள். மிச்சத்தை இருந்து ஆறுதலாகக் கதைப்போம்.