உப்பும் உடல்நலமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நம் பழமொழி. சுவை கருதிச் சொன்ன அம்மொழி உடல்நலத்திற்கும் பொருந்தும்.

நம் கழுத்தின் முன்புறத்தில், வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற் போன்று ஒரு சிறு சுரப்பி அமைந்துள்ளது. அதுவே தைராய்டு. உடலின் வெப்பமும் இதயத்தின் துடிப்பும் குழந்தையின் மூளை வளர்ச்சியும் அதன் சுரப்பைச் சார்ந்தவை. அச்சுரப்பு உண்டாக அயோடின் வேண்டும். வளர்ந்தவர்க்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் போதும். கருவுற்ற தாய்க்கு 250. இச்சிற்றளவும் கிட்டாவிடில் சுரப்பி வீங்கிக் கழலையாகும். அதனினும் கொடிது, கருவிலுள்ள மகவின் அறிவு வளர்ச்சி குன்றுதல்.

இமயச் சாரலில் மழையும் பனிநீரும் மண்ணின் அயோடினை அரித்துச் சென்றன. அம்மண்ணில் விளைந்த தானியத்திலும் அது குறைந்தது. அதனால் காங்ரா பள்ளத்தாக்கில் கழலை மிகுந்திருந்தது. 1956-இல் டாக்டர் வி. இராமலிங்கசுவாமியும் குழுவினரும் அங்கு ஆய்வு தொடங்கினர். பள்ளத்தாக்கை மூன்றாகப் பிரித்து, இரு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பையும், ஒன்றுக்கு வெறும் உப்பையும் வழங்கினர். சில ஆண்டுகளில் அவ்விரு பகுதிகளிலும் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-இல் இந்திய அரசு கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கிற்று. 2006 முதல், அயோடின் சேராத உப்பை நேரடி உணவுக்கென விற்பது நாடெங்கும் தடை செய்யப்பட்டுள்ளது.

ஆயினும் சட்டம் கடைவாயில் வரைதான் வரும். அடுக்களைக்குள் வருவது நம் பொறுப்பு. விடுமுறை முடிந்து ஊரிலிருந்து கல்லுப்பு கட்டிக்கொண்டு வருவோர் நம்மிடையே உண்டு. இந்துப்பே உயர்ந்தது என்போரும் உண்டு. அவற்றில் அயோடின் சேர்த்துள்ளார்களா என்று உறையைப் பார்த்தறியுங்கள். அயோடின் உப்பைக் கழுவாதீர்கள். அடுப்பருகே திறந்து வைக்காதீர்கள். மூடிய ஜாடியில் வைத்து, சமையல் முடியும் தறுவாயில் சேருங்கள். அதற்காக உப்பைக் கூட்டவும் வேண்டா. நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் அடங்குதல் நன்று. ஊறுகாயும் அப்பளமும் அக்கணக்கில் சேர்ந்தவையே. பாலும் முட்டையும் மீனும் அயோடின் தருவன.

உணவு நன்றாயினும் இந்நோய் சிலர்க்கு வரும், பெண்களுக்கே மிகுதி. காரணமின்றிச் சோர்வு, உடல் பருத்தல், குளிர் தாங்காமை, முடி உதிர்தல், மாதவிலக்கு மாறுபாடு ஆகியவை சுரப்புக் குறைவின் அறிகுறிகளாகலாம். நெஞ்சு படபடப்பும், கைந்நடுக்கமும், உடல் மெலிவும் சுரப்பு மிகுதியைக் காட்டலாம். கண்ணாடி முன் நின்று, தலையைச் சற்றே நிமிர்த்தி ஒரு மிடறு நீர் விழுங்குங்கள்; கழுத்தில் புடைப்பு ஏறி இறங்கினால் மருத்துவரிடம் காட்டுங்கள். எளிய இரத்தப் பரிசோதனை உண்மையை உணர்த்தும்.

தைராக்சின் மாத்திரை உண்போர்க்கு ஒரு சொல். காலையில் காப்பி இன்றி நமக்குப் பொழுது விடியாது. எனினும் வெறும் வயிற்றில் நீருடன் மாத்திரையை உண்டு, அரைமணி முதல் ஒருமணி நேரம் பொறுத்தே காப்பி அருந்துங்கள். இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கருவுற்றதும் அஞ்சி மாத்திரையை நிறுத்தாதீர்கள். உடனே மருத்துவரை நாடுங்கள். அம்மருந்துக்கு எந்தக் கீரையும் கஷாயமும் ஈடாகா.

சோர்ந்திருக்கும் பெண்ணைச் சோம்பேறி என்று சொல்லுமுன், அவள் கழுத்தை ஒரு முறை பாருங்கள் என்று வேண்டி அமைகிறேன்.