கணக்கில் வராத மனிதர்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், நம் நூலக அறையைக் கவனித்துக்கொள்ளும் ஓய்வுபெற்ற நூலகர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக.)

தண்ணீர் லாரிக் கணக்கும் லிஃப்ட் பராமரிப்பும் முடிந்து, டீ வருவதற்குள் எனக்குக் கொஞ்ச நேரம் கொடுத்திருக்கிறார்கள். "ரீல் பற்றிப் பேசுகிறார்" என்று செயலாளர் வாட்ஸ்அப் குழுவில் போட்டதால் பிள்ளைகள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். இது இன்ஸ்டாகிராம் ரீல் இல்லை. நாங்கள் கல்லூரியில் "ரீல் விடாதே" என்போமே, அதுவும் இல்லை. ஃபிலிம் சுற்றிவைக்கும் நிஜ ரீல்.

விஷயம் என் வீட்டில்தான் தொடங்கியது. என் அண்ணன் மகள் பிஎச்.டி. சேரப் போகிறாள். வழிகாட்டியாக இரண்டு பேராசிரியர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். போனில் இருவருடைய சைட்டேஷன் எண்ணிக்கையையும் காட்டி, "சித்தப்பா, இவருக்குத்தான் அதிகம். இவரிடமே சேர்ந்துடட்டுமா?" என்று கேட்டாள். தங்கம் விலை பார்ப்பது போல இருந்தது எனக்கு.

சைட்டேஷன் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: ஓர் ஆய்வாளர் கட்டுரை எழுதும்போது, இன்ன கருத்தை இன்னாருடைய கட்டுரையிலிருந்து எடுத்தேன் என்று பெயர் குறிப்பிடுவார். அப்படி எத்தனை கட்டுரைகள் ஒருவர் பெயரைக் குறிப்பிட்டிருக்கின்றன என்பதே அந்த எண்ணிக்கை. இதைத் தொகுத்துப் பெரிய அட்டவணையாக்கியவர் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் இருந்த யூஜின் கார்ஃபீல்ட். 1964-இல் அவருடைய 'சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்' வெளிவந்தது. ஒரு பழைய கட்டுரையைப் பிடித்துக்கொண்டால், பிறகு அதைத் தொட்டு எழுதியவர்கள் யார் யார் என்று தேடிப் போகலாம். அதற்குத்தான் அது. அந்தத் தடித் தொகுதிகளைத் தூக்கி அடுக்கிய முதுகு இது, அதனால் சொல்கிறேன்: அற்புதமான கருவி. ஆளை எடைபோடும் தராசாக அது மாறியது பிற்பாடுதான். 2005-இல் ஹெச்-இண்டெக்ஸ் வந்த பிறகு, ஒரு மனிதரின் மொத்த உழைப்பையும் ஒரே எண்ணில் சொல்லிவிடலாம் என்று ஆகிவிட்டது.

அந்த எண் எதைச் சொல்லாது என்பதற்கு அவளிடம் ஒரு கதை சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

இமானுவேல் கோல்ட்பெர்க், 1881-இல் மாஸ்கோவில் பிறந்த யூதர். ஜெர்மனியில் படித்து, டிரெஸ்டன் நகரில் ஜெய்ஸ் ஐகான் கேமரா நிறுவனத்தின் தலைவரானார். எழுத்தைப் படம் பிடித்து, பைபிளை 50 முறை ஒரு சதுர அங்குலத்தில் அடக்கலாம் என்று கணக்குச் சொல்லும் அளவுக்குச் சுருக்கிக் காட்டியவர்.

அவர் யோசித்த இன்னொரு சிக்கல், நூலகர்கள் எல்லோரும் அறிந்தது. ஆவணங்களை மைக்ரோஃபிலிமில் ஏற்றி ரீலில் சுற்றிவைத்துவிடலாம். நம் சென்னையில் ரோஜா முத்தையா நூலகத்தில்கூடப் பழைய தமிழ் நூல்களை அப்படி ஏற்றியிருக்கிறார்கள். ஆனால் ஆயிரக்கணக்கான பக்கங்கள் கொண்ட ரீலில் வேண்டிய பக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கையால் சுற்றிச் சுற்றிப் பார்த்தால் கண் போய்விடும்.

கோல்ட்பெர்க் ஒவ்வொரு பக்கத்தின் பக்கத்திலும் புள்ளிகளாலான ஒரு குறியீட்டைப் பதித்தார். தேட வேண்டியதன் குறியீட்டை ஓர் அட்டையில் அமைத்தார். ரீல் வேகமாக ஓடும்போது ஒளி இரண்டின் வழியாகவும் பாயும். இரண்டும் பொருந்துகிற கணத்தில் ஒளி மாறுவதை ஒளிமின்கலம் உணர்ந்துகொள்ளும். கிடைத்ததைப் படியெடுக்கலாம், எத்தனை முறை கிடைத்தது என்று எண்ணவும் செய்யலாம். 'புள்ளிவிவர இயந்திரம்' என்று பெயர் வைத்தார். 1931-இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. கணிப்பொறி வருவதற்கு முன்பே ஒரு தேடுபொறி!

1933-இல் நாஜி அடியாட்கள் அவரைக் கடத்திக்கொண்டு போனார்கள். விடுபட்டதும் நாட்டைவிட்டு வெளியேறி, பாரிஸில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, 1937-இல் பாலஸ்தீனம் போய்ச் சேர்ந்தார்.

1945 ஜூலையில் அமெரிக்க விஞ்ஞானி வன்னேவர் புஷ், 'அட்லாண்டிக்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். மேசைக்குள் மைக்ரோஃபிலிம் வைத்து, வேண்டியதை நொடியில் எடுத்துப் படிக்கும் 'மெமெக்ஸ்' என்ற கற்பனைக் கருவி அதில் வருகிறது. இன்றைய இணையத்துக்கே வித்து என்று இன்றுவரை மேற்கோள் காட்டப்படும் கட்டுரை. கார்ஃபீல்டையும் அது ஈர்த்தது. அதில் கோல்ட்பெர்க் பெயர் இல்லை. புஷ் திருடினார் என்று நான் சொல்ல வரவில்லை. அவரும் 1930-களின் கடைசியில் ரீலில் தேடும் இயந்திரம் ஒன்றை உருவாக்க முயன்றவர்தான். ஆனால் பாருங்கள், மெண்டலின் மரபியல் கண்டுபிடிப்பு உரியவர்களை எட்டாமல் ஒரு தலைமுறை தொலைந்துகிடந்தது என்று அதே கட்டுரையில் வருத்தப்படுகிறார்!

இது போதாதென்று, 1946-இல் எஃப்.பி.ஐ. தலைவர் ஹூவர், எழுத்தைப் புள்ளியாகச் சுருக்கும் வித்தையைக் கண்டுபிடித்தவர் டிரெஸ்டனைச் சேர்ந்த 'பேராசிரியர் ஸாப்' என்று எழுதினார். அப்படி ஒரு கண்டுபிடிப்பாளரே கிடையாது. இல்லாத ஸாப் உளவு நூல்களில் ஊர் சுற்றினார். இருந்த கோல்ட்பெர்க் 1970-இல் டெல் அவிவில் காலமானார். மைக்கேல் பக்லண்ட் என்ற நூலகவியல் பேராசிரியர் பழைய காப்புரிமைகளையும் ஜெர்மன் கட்டுரைகளையும் தோண்டி, 1992-இல் ஒரு கட்டுரையும் 2006-இல் ஒரு புத்தகமும் எழுதிய பிறகுதான் பெயர் மீண்டது.

எதிர்ப்பக்கமும் உண்டு. உலகிலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை, 1951-இல் ஆலிவர் லௌரி குழுவினர் புரதத்தை அளக்கும் முறை பற்றி எழுதியது. மூன்று லட்சத்துக்கும் மேல். அது ஒன்றும் மகத்தான கட்டுரை இல்லை என்று லௌரியே சொல்லியிருக்கிறார். சோதனைக்கூடத்தில் எல்லோருக்கும் பயன்படும் செய்முறை, அவ்வளவுதான். நம் வீடுகளில் சாம்பார் வைக்கும் முறையை முதலில் சொன்னவர் பெயரை எல்லோரும் எழுதிவைத்தால் எண்ணிக்கை எங்கே போகும்!

அண்ணன் மகளிடம், "எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம்னு சொல்லல. இரண்டு பேருடைய கட்டுரையிலும் இரண்டிரண்டு முழுசாப் படி. அவங்க யார்கிட்டேயிருந்து எடுத்தோம்னு எழுதியிருக்காங்களான்னு பார். அவங்ககிட்டப் படிச்சு முடிச்ச பிள்ளைகளிடம் பேசு" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். போன வாரம் போன்: "சித்தப்பா, எண்ணிக்கை கம்மியா இருக்கிறவர், மாணவி செஞ்ச பரிசோதனைக்கு அவ பேரைத்தான் முதல்ல போட்டிருக்கார்." இன்னும் முடிவு செய்யவில்லை.

நம் பிளாக்கில் புராஜெக்ட், ஆய்வேடு எழுதும் பிள்ளைகள் ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் நூலக அறைக்கு வாருங்கள். மூலத்தைத் தேடுவது எப்படி என்று உட்கார்ந்து பார்ப்போம். டீ வந்துவிட்டது போலிருக்கிறது.