ஈயம் என்னும் ஒரு சொல்: பேராக்கின் குழாய்நீரும் நம் மொழியும்



நீரைப் பற்றிய உரை என்றதும் வான்சிறப்பு அதிகாரத்திலிருந்து ஒரு குறளை எதிர்பார்த்திருப்பீர்கள். அக்குறள்களை நம் மாணவர்கள் நம்மினும் நன்றாக ஒப்புவிப்பார்கள். ஆகவே அவற்றை அவர்களிடமே விட்டுவிட்டு, வானிலிருந்து இறங்கிய நீர் குழாய்க்குள் புகுந்தபின் அதற்கு என்ன நேர்கிறது என்பதையும், அதனைப் பற்றிப் பேச நம்மிடம் உள்ள சொற்கள் போதுமானவையா என்பதையும் இன்று எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

ஒரு சொல்லிலிருந்து தொடங்குவோம். 'ஈயம்' என்றால் என்ன? ஈப்போவில் பிறந்த எவரிடம் கேட்டாலும் விடை தயங்காமல் வரும். ஈயக்குட்டை, ஈயச் சுரங்கம், தஞ்சோங் துவாலாங்கில் காட்சிக்கு நிற்கும் 1938ஆம் ஆண்டு மிதவைக் கப்பல் ஆகியவையே அவர் நினைவில் எழும். கிந்தா பள்ளத்தாக்கு உலகின் மிக வளமான ஈய வயல்களுள் ஒன்றாக விளங்கியது. 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் அதன் விலை சரிந்தபோது இங்கே எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு அணைந்தது. நம் வாழ்வோடு இவ்வளவு நெருங்கிய அந்த உலோகம் வெள்ளீயம். ஆனால் 'குடிநீரில் ஈயம் கலந்தது' என்று செய்தித்தாளில் படிக்கும்போது அங்கே குறிக்கப்படுவது காரீயம். இரண்டும் வேறுவேறு தனிமங்கள். வெள்ளீயம் பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தில் பூசப்பட்டு நம் பாட்டிமார் புளிக்குழம்பைக் காத்தது. காரீயமோ குழந்தையின் மூளை வளர்ச்சியைத் தாக்கும் நஞ்சு.

இக்குழப்பம் தமிழின் குறையன்று. வெள்ளை, கருமை என்னும் அடைகளோடு நம் முன்னோர் இரண்டையும் தெளிவாகவே பிரித்து வைத்தனர். பண்டைய உரோமானியரும் இரண்டுக்கும் ஒரே பெயரிட்டு, வெள்ளை, கறுப்பு என்று அடைகொடுத்தே வேறுபடுத்தினர். மலாய் மொழியிலும் தீமா பூத்தே, தீமா ஹீத்தாம் என்னும் வழக்கு அவ்வாறே அமைந்திருக்கிறது. பேச்சு வழக்கில் நாம் அடையைக் கைவிட்டதால்தான் சிக்கல் எழுந்தது. ஈய நகரத்தில் வாழும் முதியவர் ஒருவரிடம் 'நீரில் ஈயம் இருக்கலாம்' என்று எச்சரித்தால், 'இந்த மண்ணில் ஈயம் இல்லாமல் வேறென்ன இருக்கும், அதைக் குடித்துத்தானே வளர்ந்தோம்' என்று அவர் நகைக்கக்கூடும். எச்சரிக்கை அவர் செவியில் விழுகிறது. பொருள் மட்டும் போய்ச் சேர்வதில்லை. பேராக்கில் 'காரீயம்' என்னும் முழுச் சொல்லை வகுப்பறையில் வற்புறுத்த வேண்டும் என்று நாம் கருதுவது தூய தமிழ்ப் பற்றினால் மட்டுமன்று.

காரீயத்துக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையும் ஏறக்குறைய இல்லை. அமெரிக்காவின் பிளிண்ட் நகரில் நிகழ்ந்ததை இவ்விடத்தில் நினைவுகூர்வது தகும். 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க எண்ணி, அந்நகருக்கான நீரைப் பிளிண்ட் ஆற்றிலிருந்து எடுக்கத் தொடங்கினர். குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய வேதிப்பொருளைச் சேர்க்கவில்லை. பழுப்பு நிற நீரைப் புட்டிகளில் ஏந்தியபடி மக்கள் கூட்டங்களுக்கு வந்தனர், பாதுகாப்பான நீர்தான் என்ற விடையே கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் இயந்திரப் பாகங்கள் துருப்பிடிப்பதாகக் கூறி அந்நீரைத் தன் ஆலையில் நிறுத்திக்கொண்டது. இரும்புக்கு ஒவ்வாத நீர் குழந்தைகளுக்கு மேலும் ஓராண்டு வழங்கப்பட்டது. குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா அட்டிஷா 2015 செப்டம்பரில் குழந்தைகளின் இரத்தத்தில் காரீய அளவு உயர்ந்ததை எடுத்துக்காட்டிய பின்னரே நகரம் பழைய நீருக்குத் திரும்பியது. மக்கள் கண்ட பழுப்பு பெரும்பாலும் இரும்புத் துரு. உண்மையில் தீங்கு செய்த காரீயத்தை எவரும் கண்ணால் கண்டதில்லை.

ஈப்போவில் அவ்வாறு நிகழ்ந்தது என்று கூற நாம் வரவில்லை. ஆயினும் குழாயை அரிக்கும் வேதியியல் எல்லா ஊருக்கும் ஒன்றே. கருங்கல் மலைத்தொடரிலிருந்து இறங்கும் ஆறுகளின் நீர் இயல்பிலேயே மென்னீர். உப்புப் படிவு குறைந்த அத்தகைய நீர், உரிய பக்குவம் செய்யப்படாவிட்டால், உலோகத்தை எளிதில் கரைக்கும். பழைய வீடுகளில் நாகம் பூசிய இரும்புக் குழாயும் பித்தளைத் திறப்பானும் பற்றவைத்த மூட்டுகளும் இன்றும் உள்ளன. இரவு முழுவதும் அவற்றுள் தேங்கி நிற்கும் நீரே காலையில் முதலில் வருகிறது. அதைப் பூச்செடிக்கு ஊற்றிவிட்டு, குழாய் குளிர்ந்த நீரைத் தரத் தொடங்கியபின் குடிக்கவும் சமைக்கவும் பிடிப்பது எளிய, செலவற்ற காப்பு. பள்ளி விடுமுறை முடிந்து திறக்கும் முதல் நாளில், கட்டடத்தின் குழாய்களைச் சிறிது நேரம் திறந்துவிடும்படி பள்ளிக் காவலரிடம் சொல்லி வைக்கலாம்.

இங்கே மற்றொரு சொல்லையும் தொட வேண்டும். 'காய்ச்சிய தண்ணீர்' என்பது நம் இல்லங்களில் ஏறத்தாழ ஒரு மந்திரம். பேதியும் காலராவும் தோட்டத்து லயங்களை வாட்டிய காலத்தில் அம்மந்திரம் உயிர்களைக் காத்தது, அதில் ஐயமில்லை. கிருமி கொதியில் சாகும். காரீயமும் பாடாணமும் சாகா. நீர் ஆவியாகிக் குறையும்போது எஞ்சியதில் அவற்றின் செறிவு சற்று கூடவே செய்யும். வாசலில் மாட்டிய மணல் வடிகட்டி பழுப்பேறியதைக் கண்டு 'எவ்வளவு அழுக்கு பிடித்திருக்கிறது' என்று நிறைவடைகிறோம். அது பிடித்தது துருவையும் சேற்றையும். கரைந்த உலோகம் அதன் வழியே நடந்து செல்லும். தெளிந்த நீர் என்பதும் தீங்கற்ற நீர் என்பதும் தமிழில் இரு வேறு சொற்றொடர்கள். 'சுத்தமான தண்ணீர்' என்னும் ஒன்றே இரண்டையும் விழுங்கிவிட்டது.

பாடாணம் என்றோம். இன்றைய பாடநூல் அதனை ஆர்செனிக் என்று குறிக்கும். கிந்தாவின் ஈயத் தாதுக்களோடு இயற்கையாகவே அது சேர்ந்து கிடக்கும். ஆனால் நம் மக்களுக்கு அது இன்னொரு வழியாகவும் அறிமுகமானது. பாராக்குவாட் என்னும் களைக்கொல்லி 1960களில் வருவதற்கு முன்பு, மலாயாவின் கித்தாத் தோட்டங்களில் லாலாங் புல்லை அழிக்கச் சோடியம் ஆர்செனைட் பெருமளவில் தெளிக்கப்பட்டது. அதைத் தெளித்தவர்கள் நம் பெற்றோரும் பாட்டன் பாட்டியரும். அவர்கள் அதற்கிட்ட பெயர் 'மருந்து'. மருந்தடித்தல், மருந்துத் தகரம், மருந்துக் கொட்டகை எல்லாம் அதன் வழி வந்தவை. பயிருக்கு மருந்தானது ஆளுக்கு நஞ்சு என்பதை அச்சொல் மறைத்துவிட்டது. பாராக்குவாட்டையும் மருந்து என்றே அழைத்தோம். அது இந்நாட்டில் 2020 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. பாடாணமோ ஒரு முறை மண்ணில் விழுந்தால் அழிவதில்லை. மண்ணிலுள்ள இரும்போடு ஒட்டிக் கிடந்து, ஏற்ற சூழல் வாய்த்தால் நிலத்தடி நீரில் மெல்ல இறங்கும். தோட்டம் விற்கப்பட்டுச் செம்பனையாகவோ வீடமைப்பாகவோ மாறிய இடங்களில், பழைய கிணற்றைச் செடிகொடிக்கும் துணி துவைக்கவும் பயன்படுத்துவோர் அந்நீரைக் குடிக்கத் தொடங்கும் முன் ஆய்ந்தறிய வேண்டும். மருந்துக் கொட்டகை எங்கே இருந்தது என்பது எந்த வரைபடத்திலும் இராது. லயத்தில் வாழ்ந்த முதியோர்க்குத் தெரியும். உங்கள் மாணவர்கள் அவர்களிடம் கேட்டு எழுதிவைத்தால், அது வரலாற்றுப் பாடமாகவும் ஆகும், அறிவியல் பாடமாகவும் ஆகும்.

அளவைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். குடிநீரில் காரீயமும் ஆர்செனிக்கும் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது மலேசியத் தரம். இந்நாட்டில் 1983 முதல் சுகாதார அமைச்சு குடிநீரைக் கண்காணித்து வருகிறது. பல்லின் நலனுக்காக நம் குழாய்நீரில் சேர்க்கப்படும் புளோரைடு லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவில் உள்ளது. நம்மில் பலருடைய முன்னோர் கப்பலேறிய அன்றைய சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதியான தருமபுரியில், அதே புளோரைடு நிலத்தடி நீரில் அளவு மீறியதால் பற்கள் கறையேறி, எலும்புகள் வளைந்தன. ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொணரும் திட்டம் 2013இல் நடைமுறைக்கு வந்ததன் காரணம் அதுவே. ஆகவே 'நீரில் வேதிப்பொருள் இருக்கிறது' என்னும் செய்தி தன்னளவில் அச்சமூட்டத் தக்கதன்று. எது, எவ்வளவு என்பதே கேள்வி. குளோரின் மணத்தைக் கண்டு முகம் சுளிப்பவர்க்கும் இது பொருந்தும். அம்மணம், கிருமிகளுக்கு எதிரான காவல் குழாயின் கடைசி முனைவரை வந்து சேர்ந்ததற்கு அடையாளம்.

இனி உரிமை. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்பு, வசதிகளுக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம், அதாவது சட்டம் 446, தோட்டத் தொழிலாளர்க்குப் போதிய குழாய்நீரை இலவசமாக வழங்கும் கடமையை முதலாளியின்மீது சுமத்துகிறது. தோட்டம் இருக்கும்வரை முதலாளியைச் சுட்டலாம். தோட்டம் கைமாறி, வேலை போய், பழைய லயத்திலேயே தங்கிவிட்ட குடும்பங்கள் யாரைச் சுட்டும்? நீர் வாரியத்தின் பொறுப்பு பொதுவாக மீட்டர்வரை. மீட்டருக்கு இப்பாலுள்ள குழாய் உரிமையாளருடையது. மீட்டர் தோட்ட வாயிலில் இருந்து, வீடுகள் அரை மைல் உள்ளே இருந்தால், இடையிலுள்ள துருப்பிடித்த குழாய்க்கு யார் உரிமையாளர்? இக்கேள்விக்கு விடை காணாமல் வடிகட்டி வாங்கித் தருவதை மட்டும் தொண்டாகக் கருதுவோர் உளர். அவர்களுடைய நல்லெண்ணத்தை மதிக்கிறோம். ஆனால் வடிகட்டியின் உறையை மாற்றப் பணமில்லாத வீட்டில், ஆறு மாதத்தில் அதுவே கிருமிக் கூடாகிவிடும்.

நம் பள்ளிகளில் புகார்க் கடிதம் என்று ஒரு கட்டுரை வகை கற்பிக்கப்படுகிறது. குப்பை அள்ளப்படவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று ஆண்டுதோறும் எழுதுகிறோம். ஒருமுறை குழாய்நீரைப் பற்றி எழுதச் செய்யுங்கள். 'தண்ணீர் மோசமாக இருக்கிறது' என்னும் வரிக்கு அலுவலகத்தில் எந்த அதிகாரியாலும் ஒன்றும் செய்ய இயலாது. நிறம் பழுப்பா, பால்வெண்மையா? பால்வெண்மை குவளையின் அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் அது வெறுங்காற்று. எல்லாக் குழாயிலுமா, தொட்டியிலிருந்து வரும் குழாயில் மட்டுமா? பெரும்பாலான வீடுகளில் சமையலறைக் குழாய்க்கு நேரடி இணைப்பும் மற்றவற்றுக்குத் தொட்டி வழியும் இருப்பதால், இவ்வொரு வினாவே பிழை எங்கே என்பதைப் பாதி காட்டிவிடும். எந்த நாள், எந்த நேரம், அண்டை வீட்டிலும் அவ்வாறேயா? இவை அடங்கிய கடிதம் தமிழில் எழுதப்பட்டு, பின் மலாயில் பெயர்க்கப்பட்டால், பேராக் நீர் வாரியத்துக்கோ மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கோ அனுப்பத் தக்கதாகும். மலாயில் பெயர்க்கும்போது காரீயம் என்னுமிடத்தில் தீமா என்று மட்டும் எழுதிவிடாமல், பாடநூல் வழக்கான பிளம்பம் என்று எழுத வேண்டும்.

ஆய்வுக்கு நீர் எடுத்துக் கொடுப்போர்க்கு ஒரு குறிப்பு. காரீயத்தை அறிய வேண்டுமாயின், குழாயைத் திறந்துவிட்டு ஓடிய நீரைப் பிடிக்கலாகாது. இரவு முழுவதும் மூடிக் கிடந்த குழாயில் விடியற்காலை வரும் முதல் லிட்டரையே, ஆய்வகம் தரும் புட்டியில் பிடித்து, நேரத்தை அதன்மேல் எழுத வேண்டும். கிருமியை அறிய வேண்டுமாயின் முறை நேர்மாறானது. குழாயின் வாயைத் துடைத்து, சில நிமிடம் ஓடவிட்டு, கிருமி நீக்கிய புட்டியில் பிடித்து, குளிரில் வைத்து அன்றே சேர்ப்பிக்க வேண்டும்.