முனை சுத்தமானால் ஒளி தடைபடாது



நம் பிள்ளைகள் எந்தத் தொழிலைக் கற்கலாம் என்பது இன்றைய கேள்வி. எனக்கு முன்னால் பேசியவர்கள் மருத்துவம், சட்டம், கணினி என்று சொன்னார்கள். நான் ஒளியிழைக் கேபிள் இணைக்கும் தொழிலைச் செய்பவன். ஆகவே சுண்டுவிரல் அளவே உள்ள ஒரு பொருளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதன் பெயர் கனெக்டர். தமிழில் இணைப்பான் என்று சொல்லலாம்.

1966-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பணியாற்றிய சார்ல்ஸ் காவ் என்ற விஞ்ஞானி ஓர் உண்மையை எடுத்துச் சொன்னார். கண்ணாடி இழையில் ஒளி மங்கிப் போவதற்கு முக்கியக் காரணம் கண்ணாடியில் கலந்திருக்கும் மாசுதான், அதை நீக்கினால் ஒளி நெடுந்தூரம் போகும் என்றார். அதற்காக 2009-இல் அவருக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய நல்ல இழையில் ஒளி ஒரு கிலோமீட்டர் ஓடினாலும் 0.2 டெசிபல்தான் குறைகிறது. அதாவது நூற்றில் ஐந்து பங்குகூட இல்லை.

ஆக, கண்ணாடிக்கு உள்ளே இருந்த மாசைத் தொழிற்சாலை நீக்கிவிட்டது. முனையில் படியும் மாசை யார் நீக்குவது? அதை இணைப்பவரின் கைதான் நீக்க வேண்டும்.

நீண்ட தூரக் கேபிளில் ஒளி ஓடும் பகுதி ஏறக்குறைய 9 மைக்ரான் அகலம்தான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரம் மைக்ரான்கள் உண்டு. நம் தலைமுடியே அந்தப் பாதையைவிடப் பல மடங்கு தடிமன். இணைப்பானின் நுனியில் வெள்ளையாக ஒரு பீங்கான் குச்சி தெரியும். அதன் நடுத்துளையில் இழை ஒட்டப்பட்டிருக்கும். இரண்டு இணைப்பான்களை மாட்டும்போது உள்ளிருக்கும் சுருள்வில் தள்ள, கண்ணாடியும் கண்ணாடியும் முகத்தோடு முகம் தொட வேண்டும். நடுவில் கண்ணுக்குத் தெரியாத தூசி இருந்தாலும் ஒளி தடைபடும். அழுத்தி மாட்டினால் அந்தத் தூசியே கண்ணாடியைக் கீறிவிடும். நன்றாகச் செய்த ஓர் இணைப்பிலேயே 0.3 டெசிபல் அளவுக்கு இழப்பு வரலாம். ஒன்றரைக் கிலோமீட்டர் கேபிளில் போவது ஒரே இணைப்பில் போய்விடுகிறது. அழுக்கு இணைப்பில் என்ன ஆகும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நான் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த காலத்தில் கிள்ளானில் ஒரு கடைவீட்டில் இணைய இணைப்பு அடிக்கடி அறுந்தது. கருவியை மாற்றினேன். வேறு கம்பியைப் போட்டேன். மூன்று மணி நேரம் போனது. தரைக்கு அடியில்தான் கோளாறு, தோண்ட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். மூத்த தொழிலாளி ஒருவர் வந்தார். ஒளியை நிறுத்தச் சொல்லிவிட்டு, இணைப்பானைக் கழற்றி, கையடக்க நுண்ணோக்கியில் பார்த்தார். "தம்பி, ரோட்டைத் தோண்டுறதுக்கு முன்னாடி உன் விரலைப் பாரு" என்றார். முனையில் பட்டிருந்தது என் விரலின் எண்ணெய்ப் பிசுக்கு! பஞ்சு உதிராத துணியில் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, மறுபடியும் பார்த்து, மாட்டினார். கோளாறு தீர்ந்தது. பார், துடை, மாட்டு. அன்று கற்ற இந்த மூன்று சொற்கள்தான் இன்றுவரை எனக்குச் சோறு போடுகின்றன.

இல்லத்தரசிகளுக்கும் ஒரு வார்த்தை. வீட்டிற்கு வரும் ஒளியிழையின் முனையில் பெரும்பாலும் பச்சை நிற இணைப்பான் இருக்கும். அதன் கண்ணாடி முகம் 8 பாகை சாய்வாகத் தீட்டப்பட்டது. எதிரொளி திரும்பிப் போய்த் தொல்லை தராமல் இருக்கவே அந்தச் சாய்வு. நீல நிறம் சாய்வில்லாதது. பச்சையையும் நீலத்தையும் சேர்த்து மாட்டினால் உள்ளே போகும், ஆனால் முகங்கள் பொருந்தா. கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவே கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கக்கூடியது. கழற்ற நேர்ந்தால் உடனே மூடியைப் போட்டு வையுங்கள். குழந்தைகளின் கைக்கு எட்டவிடாதீர்கள்.

பெற்றோர்களே! "வயர் இழுக்கிற வேலைதானே" என்று இதை இளக்காரமாக எண்ண வேண்டாம். கேபிளை இயந்திரம் செய்கிறது. ஆனால் வீட்டு வாசலில் கடைசி இணைப்பைப் போடுவது ஒரு மனிதனின் கை. பொறுமை, சுத்தம், அளந்து பார்க்கும் பழக்கம் ஆகிய மூன்றும் உள்ள பிள்ளை, தேர்வில் மதிப்பெண் குறைந்திருந்தாலும் இத்தொழிலில் தலைநிமிர்ந்து வாழலாம். அந்தப் பிள்ளையை ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.