பிள்ளைக்கு ஏற்ற வலை

(கோடை விடுமுறைக் கைப்பந்துப் பயிற்சியின் நிறைவு நாளில், அஸர் தொழுகைக்குப் பின்னர் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதரஸாவில் கிதாபு ஓதிய நமக்கும் கைப்பந்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். நாம் ஓதிய காலத்தில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரம் கைப்பந்துக்கே உரியதாக இருந்தது. அந்தப் பழக்கத்தை நம்பியே சென்ற ஆண்டு இப்பயிற்சியை ஏற்றோம். ஆடத் தெரிந்தவனுக்குக் கற்பிக்கவும் தெரியும் என்று எண்ணினோம். அது பிழை என்பதை ஒரு சிறுவன் நமக்கு உணர்த்தினான்.

ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து வந்து, இங்கே உறவினர் வீட்டில் தங்கி ஆறாம் வகுப்புப் படித்த பிள்ளை அவன். அவன் போட்ட மூன்று சர்வீஸும் வலையைக் கூடத் தொடவில்லை. பெரிய பையன்கள் சிரித்தார்கள். அவர்களைக் கண்டிக்க வேண்டிய நாமோ, "ஓரமாக நின்று பந்து பொறுக்கு" என்று அவனையே கடிந்துகொண்டோம். மறுநாள் முதல் அவன் வரவில்லை. பத்து நாள் கழித்து அவனுடைய வீட்டிற்குச் சென்றோம். வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த அவன் தந்தை கோபப்படவில்லை. "மீனுக்குத் தக்கபடிதானே நாங்கள் வலைக்கண் வைக்கிறோம், ஹஜ்ரத்? பிள்ளைகளுக்கு மட்டும் எல்லாருக்கும் ஒரே வலையா?" என்று கேட்டார். நமக்குப் பதில் இல்லை.

இந்த விளையாட்டு பிறந்த கதையே அவருடைய கேள்விக்குச் சான்றாக இருக்கிறது. 1895இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரத்து ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன் என்பவர் இதை உருவாக்கினார். கூடைப்பந்தின் ஓட்டத்தைத் தாங்க இயலாத நடுத்தர வயதினருக்காகவே உருவாக்கினார். அவர் கட்டிய வலையின் உயரம் 6 அடி 6 அங்குலம்தான். கூடைப்பந்தின் உள்பை மிக இலேசாக இருந்தது. கூடைப்பந்தோ மிகக் கனமாக இருந்தது. எனவே, ஆடுவோருக்கு ஏற்ற புதிய பந்து ஒன்றைச் செய்வித்தார். வளர்ந்த மனிதர்களுக்கே 6½ அடியில் தொடங்கிய வலையை, நாம் பதினொரு வயதுப் பிள்ளைக்கு ஆண்களுக்கான 2.43 மீட்டரில், அதாவது ஏறத்தாழ 8 அடியில் கட்டியிருந்தோம்!

அன்றே வலையை இறக்கினோம். 18 மீட்டர் நீளமுள்ள களத்தின் நடுவே நீளவாக்கில் ஒரே கயிற்றைக் கட்டி, அதில் பழைய மீன்வலையைத் தொங்கவிட்டோம். 6 மீட்டர் அகலமும் 9 மீட்டர் நீளமும் கொண்ட மூன்று சிறு களங்கள் கிடைத்தன. மூவருக்கு மூவர் என ஆடியதால், 12 பேர் ஆடிய இடத்தில் 18 பேர் ஆடினார்கள். ஓரத்தில் நிற்பவர் குறைந்தார். ஒவ்வொரு கையும் அடிக்கடி பந்தைத் தொட்டது. பந்தும் இலேசானதாக மாறியது.

கற்பிக்கும் வரிசையையும் மாற்றினோம். முதலில் பந்தைப் பிடித்து எறிதல். பந்து விழும் இடத்திற்குக் கால் முந்திச் செல்ல இது பழக்கும். அடுத்து, கீழ்க்கைப் பாஸ். முழங்கால் மடங்க வேண்டும், கைகள் நீண்டு இணைந்திருக்க வேண்டும், பந்து மணிக்கட்டிற்கு மேலே முன்கையில் பட வேண்டும். கையை வீசக் கூடாது. காலே பந்தை உயர்த்தும். பிறகு, நெற்றிக்கு மேலே விரல்களால் எடுக்கும் பாஸ். சர்வீஸ் கீழிருந்து, வலைக்கு அருகில் தொடங்கி நாளுக்கு நாள் பின்னே செல்லும். ஸ்மாஷ் கடைசியில்தான். எல்லாப் பிள்ளைகளும் அதையே முதலில் கேட்கிறார்கள்; ஆனால் வளரும் வயதில் ஓயாமல் குதித்தால் முழங்கால் நோகும்.

நம் மாநிலத்திற்கு இந்த விளையாட்டு புதிதன்று. 1920இல் ஹாரி பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். தமிழகத்தின் ஏ. பழனிசாமி 1961இல் அர்ஜுனா விருது பெற்றார். ஜி.இ. ஸ்ரீதரன் 1982இல் ஆட்டக்காரராக அர்ஜுனா விருதும், 2007இல் பயிற்சியாளராகத் துரோணாச்சாரியார் விருதும் பெற்றார். ஆடுவது ஒரு கலை, கற்பிப்பது வேறொரு கலை என்பதற்கு அவ்விரு விருதுகளே போதும்.

வரும் ஆண்டில் திறமையானவர்களை மட்டும் பொறுக்கி ஓர் அணி அமைத்து, கோப்பை வெல்ல வேண்டும் என்று கமிட்டியில் சிலர் விரும்புகிறார்கள். அந்த ஆசை தவறில்லை. ஆனால் எட்டாம் வகுப்பிற்குள் எவரையும் கழிக்க வேண்டாம் என்பதே நம் வேண்டுகோள். இன்று உயரம் குறைந்தவன் இரண்டு ஆண்டில் நம் தோளைத் தாண்டுவான். இன்று கழித்துவிட்டால் அப்போது அவன் களத்தில் இருக்க மாட்டான்.

அந்தச் சிறுவன் திரும்பி வந்துவிட்டான். அவனிடம் நாம் எல்லாப் பிள்ளைகள் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டோம். இன்றும் அவன் சிறந்த ஆட்டக்காரன் அல்லன். ஆயினும் புதிதாக வரும் பிள்ளைக்கு வலையருகே நின்று சர்வீஸ் சொல்லிக் கொடுப்பவன் அவனே. எவரும் அங்கே சிரிப்பதில்லை.

வல்ல இறைவன் நம் பிள்ளைகளுக்கு உடல் நலத்தையும், நமக்குப் பொறுமையையும் தந்தருள்வானாக. வஸ்ஸலாம்.