வலிக்கும் காலும் வலிக்காத காலும்

நான் மருத்துவர் அல்ல. மருத்துவர்களிடம் கேள்வி கேட்பதுதான் என் தொழில். அப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

பட்டர்வொர்த் மக்களுக்குக் கால் வலி புதிதல்ல. பிறை தொழிற்பேட்டையில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர், பாதுகாவலர், அடுப்படியை விட்டு நகராத அம்மா, எல்லாருக்கும் வலிக்கிறது. கோடாலித் தைலம் தேய்த்து, பானடோல் போட்டுப் படுத்துவிடுகிறோம். பல வலிகளுக்கு அது போதும்தான். காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகால் சுரீரென்று குத்தி, நாலு எட்டு நடந்ததும் குறைகிறதா? பெரும்பாலும் அது பாதத்தின் அடியில் உள்ள நார்ப்பட்டை செய்யும் வேலை. கெண்டைக்காலை நீட்டிப் பயிற்சி செய்யுங்கள், மெத்தென்ற சப்பாத்து போடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் குறையாவிட்டால் கிளினிக்குக்குப் போங்கள்.

சுளுக்குக்கு ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் வெளியிட்டது. அடிபட்ட காலை ஊன்றி நாலு அடி வைக்க முடியவில்லை, அல்லது கணுக்கால் எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அதற்கு முன் யாரிடமும் உருவிவிடக் காலை நீட்டாதீர்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தாலும் உருவக் கூடாது. உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். கூடவே மூச்சுத் திணறினால் 999ஐ அழையுங்கள்.

இதுவரை சொன்னது வலிக்கும் காலைப் பற்றி. எனக்குப் பெரிய கவலை வலிக்காத காலைப் பற்றித்தான்.

2019இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களில் மட்டும் நூற்றுக்கு 31 பேர். நமது வரிசையில் மூன்றில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த நோய் நாளடைவில் பாதத்தின் உணர்ச்சி நரம்புகளைக் கெடுக்கிறது. முதலில் எரிச்சல், மதமதப்பு. பிறகு அதுவும் இல்லை. "வலி போயிடுச்சி" என்று சந்தோஷப்படுகிறோம்!

வலி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை வேலூரில் காட்டினார் டாக்டர் பால் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். 1946இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்று பலரும் நம்பிய காலம் அது. உணர்ச்சி செத்துப்போனதால் காயம்பட்டதே தெரியாமல் அதன் மீதே நடக்கிறார்கள், அதனால்தான் பாதம் சிதைகிறது என்று அவர் எடுத்துக்காட்டினார். பின்னர் அமெரிக்காவில் இனிப்பு நீர் நோயாளிகளின் பாதத்திலும் அதே பாடத்தைச் சொன்னார்.

தைப்பூசத்தை நினைத்துப் பாருங்கள். தண்ணீர்மலைக்கு வெறுங்காலில், உச்சி வெயிலில், கொதிக்கும் தார்ச்சாலையில் நடக்கிறோம். மற்றவர் துள்ளிக் குதித்து நிழலுக்கு ஓடுவார். உணர்ச்சியற்ற பாதம் உள்ளவர் அமைதியாக நடந்துகொண்டே இருப்பார். வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளங்காலில் கொப்புளம். நேர்த்திக்கடனை நான் குறை சொல்லவில்லை. உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேளுங்கள் என்கிறேன்.

ஆகவே இனிப்பு நீர் உள்ளவர்களுக்குக் கணக்கே வேறு. வலிக்காகக் காத்திருக்காதீர்கள். தினமும் இரவில் விரல் இடுக்கையும் உள்ளங்காலையும் பாருங்கள். குனிய முடியாதவர் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். சின்னப் புண், கொப்புளம், காலுறையில் ஈரக்கறை எதுவானாலும் மறுநாளே கிளினிக். ஒரு பாதம் மட்டும் சிவந்து வீங்கிச் சூடாக இருந்து, வலி மட்டும் பெரிதாக இல்லையா? உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம். நடப்பதை நிறுத்திவிட்டு அன்றே போங்கள். விரல் கறுத்தாலோ, புண் நாற்றமெடுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ நேராக செபராங் ஜெயா மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள். படுத்தால் வலித்து, காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால் குறைகிற வலி இரத்தம் ஓடாத காலின் வலி. புகைபிடிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளிதான். முகப்பில் "காலு வலி" என்று மட்டும் சொன்னால் நம்பர் எடுத்து உட்காரச் சொல்வார்கள். "இனிப்பு நீர் இருக்கு, காலில் புண் இருக்கு" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். உள்ளே போனதும், மருத்துவர் கேட்காவிட்டாலும் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி இரண்டு பாதங்களையும் காட்டுங்கள்.